ஜூன் மாதத்தில் கட்ட முடிகிற கட்டணம்

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எதிரணித் தோழர்களே, வணக்கம்.

செலவையும் வேலைவாய்ப்பையும் ஒருசேரப் பார்த்தால், குமரி மாவட்டத்துப் பிள்ளைக்குப் பெரிதும் கைகொடுப்பது அரசுக் கல்லூரியா, தனியார் கல்லூரியா என்பது இன்றைய தலைப்பு. அரசுக் கல்லூரியே என்று வாதாட வந்திருக்கிறேன். நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும், "டீச்சர், இவனை எங்கே சேர்க்கலாம்?" என்று கேட்டு வருகிற அப்பா அம்மாக்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது என் வேலையின் ஒரு பகுதி. அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அழகாகப் பேசினார். தனியார் கல்லூரியில் வளாகத் தேர்வு நடக்கிறது, ஆங்கிலம் வருகிறது, கட்டடமும் ஆய்வகமும் இருக்கின்றன, ஆகவே அங்கே கட்டும் பணம் செலவல்ல, முதலீடு என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முதலீடு என்றே வைத்துக்கொள்வோம். முதல் யாருடையது? வட்டி கட்டுவது யார்? லாபம் வராவிட்டால் நட்டம் யார் தலையில் விழும்? இந்த மூன்றையும் கேட்காமல் பணத்தை இறக்குகிற வியாபாரி ஒருவராவது மார்த்தாண்டம் சந்தையில் உண்டா?

நம் மாவட்டத்தில் கல்லூரிக் கட்டணம் எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள். ஜூன், ஜூலை. மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை எப்போது? ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காய்ப்பட்டினத்திலும் படகுகள் கட்டிக் கிடக்கும் அதே 61 நாட்களில்தான் கல்லூரி அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது. மலையோரம் போனால் அங்கே தென்மேற்குப் பருவமழை. குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் அன்று பால்வெட்டு நின்றுபோகும். வெட்டு நின்றால் கூலியும் நின்றுபோகும். கடலும் மலையும் சேர்ந்து கைவிரிக்கிற மாதத்தில் ஐம்பதாயிரம், எழுபதாயிரம் என்று கேட்டால் அந்த வீட்டில் எதை எடுப்பார்கள்? அம்மாவின் கழுத்துச் சங்கிலியை எடுப்பார்கள். மகள் கல்யாணத்துக்கென்று பவுன் பவுனாகச் சேர்த்ததை, மகன் படிப்புக்கென்று அடகு வைப்பார்கள். அண்ணன் பட்டத்தின் விலையைத் தங்கை கட்டுகிறாள் என்பது நம் ஊரில் எத்தனையோ வீடுகளுக்குத் தெரிந்த உண்மை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தது இது: கலந்தாய்வு வழியே சேருகிறவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவாக இருந்தால் 55,000, நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000, தரச்சான்று இருந்தால் 87,000. நிர்வாக ஒதுக்கீட்டில் நான்கு ஆண்டுக்குப் படிப்புக் கட்டணம் மட்டும் 3,40,000. கல்லூரி வாகனம், விடுதி, சீருடை, பயிற்சிக் கட்டணம் எல்லாம் இதற்கு மேலே. எனவே நான்கு லட்சம் கல்விக் கடன் என்று நான் சொன்னால் மிகைப்படுத்தியதாக ஆகாது.

ஆண்டுக்கு ஒரு லட்சமாக வாங்குகிறான். வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்கிறது வங்கி. தவணைதான் நிற்கிறது, வட்டி நிற்பதில்லை. முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, இரண்டாவதற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு என்று தனிவட்டியாகவே போட்டாலும் 1,40,000 ஏறிவிடும். கடன் 5,40,000. அதை ஏழு ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 9,000 ரூபாய். ஆக மொத்தம் ஏழரை லட்சம் கட்டியிருப்பான். வாங்கியதோ நான்கு லட்சம்!

எதிரணி கேட்கும்: "வேலை கிடைத்தால் கட்டிவிட மாட்டானா?" கட்டுவான். ஆனால் எந்த வேலை? என்னிடம் படித்த பையன் ஒருவன்; கணக்கில் கெட்டிக்காரன். இயந்திரவியல் பொறியியல் படித்தான், தனியார் கல்லூரியில், கடன் வாங்கி. படிப்பு முடிந்ததும் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுத வேண்டும், அதற்கு ஓராண்டு உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. தவணை தொடங்கும் நாள் நெருங்கியது. முதலில் வந்த வேலைக்குப் போனான். வாடிக்கையாளர் அழைப்புக்குப் பதில் சொல்கிற வேலை. அவன் படித்த இயந்திரவியலுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர்நாடி இதுதான். பட்டம் வாங்கிய அடுத்த இரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளையின் தொழில் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. வந்த வேலையை ஏற்பதா, பொறுத்திருந்து போட்டித் தேர்வு எழுதுவதா, மேலே படிப்பதா, பயிற்சிச் சம்பளத்துக்கு நல்ல நிறுவனத்தில் தொழில் கற்பதா என்று தேர்ந்தெடுக்கிற காலம் அது. கடன் உள்ளவனுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அரசுக் கல்லூரி மாணவனுக்கு அது உண்டு. வேலைவாய்ப்பு மதிப்பு என்று நாம் பேசும்போது முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பார்க்கிறோம். "இந்த வேலை வேண்டாம்" என்று சொல்லக்கூடிய நிலையும் ஒரு மதிப்புதான். அதற்கு விலை வைத்துப் பார்த்தால் எந்தத் தனியார் கல்லூரியும் ஈடுகொடுக்க முடியாது.

செலவின் மறுபக்கத்தைப் பாருங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலைப் பட்டத்துக்குக் கற்பிப்புக் கட்டணமே கிடையாது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று சிறு தொகைகள்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். பையனுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே ஆயிரம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தேவிக்கோட்டிலிருந்தோ திட்டுவிளையிலிருந்தோ நாகர்கோவில் வந்து படிக்கிற பெண்ணுக்குப் பஸ் காசு ஒரு காலத்தில் படிப்பையே நிறுத்திய காசு. கேட்டுப் பாருங்கள், இங்கே வந்திருக்கிற அம்மாக்கள் சொல்வார்கள்.

எதிரணி அக்கா ஒரு நுட்பமான வாதம் வைத்தார். அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். "அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே கட்டுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் சலுகை உண்டு. அப்புறம் செலவு எங்கே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அக்கா, அந்தக் கட்டணத்தைக் கட்டுவது யார்? நீங்களே சொன்னீர்கள், அரசு. தனியார் கல்லூரி ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கட்டுப்படியாக வேண்டுமானால் அரசுப் பணம் அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது என்பது என் அணிக்கான சாட்சி.

சான்றிதழுக்கு வருவோம். நம் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தன்னாட்சி பெற்றவற்றை விட்டுவிட்டால் அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், பட்டத்தில் ஒரே முத்திரை. கோணத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரியோ அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த உறுப்புக் கல்லூரி. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்திலோ வங்கித் தேர்விலோ உங்கள் கல்லூரிக்கு எத்தனை மாடி என்று கேட்கிற கட்டம் இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை தருகிற சட்டம் 2010இல் வந்தது. பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு அது பெரிய பிடிமானம். பட்டப்படிப்பைத் தமிழ் வழியில் தருகிற இடத்தைத் தேடினால் முதலில் அரசுக் கல்லூரி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

வளாகத் தேர்வைப் பற்றி ஒன்று. நூறு சதவீதம் என்று பலகை வைக்கிறார்கள். பெற்றோரே, அந்தப் பலகையின் முன் நின்று நான்கு கேள்வி கேளுங்கள். நூறு என்பது படித்த எல்லோரிலுமா, தேர்வுக்குப் பதிவு செய்தவர்களிலா? ஒரே பையனுக்கு வந்த மூன்று அழைப்பை மூன்றாக எண்ணினீர்களா? வேலை அவன் படித்த துறையிலா? ஓராண்டு கழித்து எத்தனை பேர் அதே வேலையில் இருக்கிறார்கள்? எழுத்தில் பதில் தருகிற கல்லூரி இருந்தால் அதைத் தாராளமாகப் பாராட்டுங்கள், நானும் பாராட்டுகிறேன்.

"அரசுச் செலவில் படித்தவன் உயரம் தொட முடியுமா?" என்றும் ஒரு குரல் வந்தது. நம் மண்ணில் நின்றுகொண்டா இந்தக் கேள்வி? சரக்கல்விளையில் விவசாயி மகனாகப் பிறந்த கே. சிவன் தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தார். பிறகு நாகர்கோவில் தெற்குத் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி. அது அரசு உதவி பெறும் கல்லூரி. அங்கிருந்து சென்னை எம்.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம். 2018இல் இஸ்ரோ தலைவர். மேலக்காட்டுவிளையின் வி. நாராயணன் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, 1984இல் இஸ்ரோவில் சேர்ந்து, கரக்பூர் ஐஐடியில் எம்.டெக். படிப்பில் முதலிடம் பெற்று, 2025 ஜனவரியில் அதே நாற்காலிக்கு வந்தார். எல்லோரும் இஸ்ரோ தலைவர் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. படிக்கட்டின் ஒவ்வொரு படியிலும் பொதுப் பணம் நின்றதால்தான் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளையால் ஏற முடிந்தது என்கிறேன்.

உதவி பெறும் கல்லூரி என்றதும் ஒரு எச்சரிக்கை. அந்தக் கல்லூரிகளிலேயே சுயநிதிப் பிரிவு என்று தனியாக உண்டு. பெயர்ப்பலகை ஒன்று, கட்டணம் வேறு. எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கல்வியைப் பொதுச் செலவாகப் பார்ப்பது இந்த மண்ணுக்குப் புதிதா? மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் ஆணையிட்டது 1817இல். அன்று நாம் திருவிதாங்கூரின் தென் கோடி. அந்த ஆணை எல்லாச் சாதிக்கும் கதவைத் திறந்துவிடவில்லை. திறக்காத கதவுகளை மிஷன் பள்ளிகளும் மக்கள் போராட்டங்களும் திறந்தன. அவையும் ஏழைக்கு எட்டும் கல்வியைத்தான் தந்தன. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நிற்கிறோமே, அது கட்டணம் கட்ட முடிந்தவர்களால் மட்டும் வந்த எண் அல்ல.

அரசுக் கல்லூரியில் குறையே இல்லையா? இருக்கிறது. பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த ஊதியத்தில் பாரத்தைச் சுமக்கிறார்கள். ஆய்வகக் கருவி பழுதானால் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகிறது. ஆங்கிலத்தில் பேசிப் பழகுகிற வாய்ப்பு போதாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. ஆனால் இந்தக் குறைகள் எதுவும் மாணவன் தலையில் கடனாக ஏறுவதில்லை. ஆங்கிலத்தை ஆறு மாத முயற்சியில் தேற்றிக்கொள்ளலாம். 2022 முதல் நான் முதல்வன் திட்டத்தில் திறன் பயிற்சியும் கிடைக்கிறது. ஏழு ஆண்டுத் தவணையை எந்த முயற்சியில் தேற்றுவது? இன்னொன்றும் சொல்கிறேன். அரசுக் கல்லூரியில் ஆசிரியர் இல்லை என்றால் சட்டமன்ற உறுப்பினரிடம் போய்க் கேட்கலாம், மறியல் செய்யலாம், செய்தித்தாளில் எழுதலாம். நம் வரிப்பணம்; கேட்கிற உரிமை நமக்கு உண்டு. விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் விலகிப் போய்விட்டால் அங்கே குரல் கொடுக்க யார் மிஞ்சுவார்கள்?

கடைசியாகப் பேசிய எதிரணித் தோழர் என்னை நேராகவே கேட்டார்: "மேடையில் அரசுக் கல்லூரி என்று பேசுகிற ஆசிரியை, சொந்தப் பிள்ளையை எங்கே சேர்ப்பார்?" கேட்கத் தகுந்த கேள்வி. என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நாகர்கோவில் கோணம் அரசு கலை அறிவியல் கல்லூரியை முதல் விருப்பமாகப் போட்டு விண்ணப்பித்திருக்கிறோம். அவளும் இந்த அவையில்தான் இருக்கிறாள். சந்தேகம் இருந்தால் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.