கிராங்க் டேம்பர்: கொர்வெட் எல்எஸ்1 எஞ்சினுக்கு எதை வாங்கறது, எப்படி மாட்டறது

[திரையில்: லிஃப்ட்டில் நிற்கும் சி5 கொர்வெட். கீழிருந்து கிராங்க் புல்லி. எஞ்சின் ஐடிலில்.]

இந்தப் புல்லியைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. இதுதான் கிராங்க் டேம்பர்: பிஸ்டன்கள் சுத்த வைக்கிற கிராங்க்ஷாஃப்ட்டோட முன் முனையில உட்கார்ந்து, அதோட அதிர்வை அடக்கற பாகம். நடுவுல இருக்கிற ஹப் நேராத்தான் சுத்துது. வெளி வளையம் மட்டும் கோணலா ஆடுது. இது செவர்லே கொர்வெட் சி5, 1997-லிருந்து 2004 வரைக்கும் வந்த மாடல். உள்ள இருக்கிறது 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8. இந்த ஆட்டம் இந்தக் காருக்கு ரொம்பப் பழக்கமான கோளாறு. ஹப்புக்கும் வளையத்துக்கும் நடுவுல இருக்கிற ரப்பர், சூடும் எண்ணெயும் பட்டுப் பட்டு வருஷக்கணக்குல பிடி விட்டுடுது. வளையம் மெல்ல நகருது, பெல்ட் பிசிறு பிசிறா கிழியுது, அப்புறம் முன்பக்கக் கவர்ல உரச ஆரம்பிக்குது.

இந்த நிலைமையில நிறைய பேர், "புல்லிதானே"ன்னு பளபளன்னு ஒரு லைட்வெயிட் அலுமினியம் புல்லியை ஆர்டர் போட்டுடறாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. ஏன்னு சொல்றேன்.

ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க்ஷாஃப்ட் ஈரத்துணியைப் பிழியற மாதிரி முறுக்கிக்கிட்டு, உடனே திரும்ப விரியுது. நாலு ஸ்ட்ரோக் வி8-ல ஒரு சுத்துக்கு 4 வெடிப்பு. 6,000 ஆர்பிஎம்-ல நொடிக்கு 100 சுத்து, அதாவது நொடிக்கு 400 முறுக்கு. எந்த இரும்புத் தண்டுக்கும் தனக்குன்னு ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. வெடிப்போட தாளம் அதோட ஒத்துப்போற ஆர்பிஎம்-ல, ஒரு முறுக்கு அடங்கறதுக்குள்ள அடுத்தது வந்து சேருது. ஆட்டம் ஏறிக்கிட்டே போகுது. பின் முனையைக் கனமான ஃப்ளைவீல் பிடிச்சு வெச்சிருக்கு, அதனால முன் முனைதான் ரொம்ப ஆடும்.

எல்எஸ்1 சேர்ந்த ஜிஎம்மோட எல்எஸ் எஞ்சின்கள்ல அந்த முன் முனையில என்ன உட்கார்ந்திருக்குன்னு பாருங்க.

[திரையில்: முன்பக்கக் கவர் கழட்டிய எல்எஸ்1. டைமிங் செயின், அதற்கு முன்னால் ஆயில் பம்ப்.]

டைமிங் செயினோட ஸ்ப்ராக்கெட். அதுக்கு முன்னாடி ஆயில் பம்ப், கிராங்க் மூக்குல, அதாவது முன் நுனியில, நேரடியா மாட்டினது. இந்த முறுக்கு ஆட்டம் சீட்ல உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்டியரிங் நடுங்காது, சத்தம் வராது. ஆனா பம்ப் கியரும் செயினும் மெயின் பேரிங்கும் அத்தனை அடியையும் வாங்குது. ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில நிக்கிற இன்லைன் 6 எஞ்சின்ல கிராங்க் இன்னும் நீளம், அதனால நிலைமை இன்னும் மோசம். நிசான் ஆர்பி26-ல ஆயில் பம்ப் கியர் உடையறதுக்குப் பேர் போன காரணங்கள்ல இந்த அதிர்வும் ஒண்ணு. 1910 வாக்கிலேயே லான்செஸ்டர்ங்கிற பிரிட்டிஷ் எஞ்சினியர் இதுக்கு டேம்பர் செஞ்சு காப்புரிமை வாங்கினார்னா, பிரச்சினை எவ்வளவு பழசுன்னு பார்த்துக்குங்க.

பெல்ட்டை ஓட்டறது டேம்பரோட பக்க வேலைதான். அதோட வெளி வளையம் ஒரு எடை. கிராங்க் ஒரு பக்கம் முறுக்கும்போது அந்த எடை பின்தங்கி நின்னு எதிர்ப்பக்கம் இழுக்குது. நடுவுல இருக்கிற ரப்பரோ திரவமோ அந்த ஆட்டத்தைச் சூடா மாத்தி வெளிய விட்டுடுது. வளையமே இல்லாத கட்டி அலுமினியம் புல்லி இதுல எதைச் செய்யும்?

சரி, எதை வாங்கறது? சந்தையில முக்கியமா ரெண்டு வகை. ஏடிஐ சூப்பர் டேம்பர் மாதிரி ரப்பர் வகை: ஓ-ரிங்குகளுக்கு நடுவுல எடை மிதக்கும். ஓ-ரிங்கோட கடினத்தை மாத்தி உங்க எஞ்சினுக்குத் தகுந்த மாதிரி ட்யூன் பண்ணலாம், தேய்ஞ்சா பிரிச்சுப் புதுசு போடலாம். இன்னொண்ணு ஃப்ளூயிடாம்பர் மாதிரி திரவ வகை: மூடின கூட்டுக்குள்ள ஒரு கனமான வளையம், சுத்தி ரொம்பக் கெட்டியான சிலிக்கோன். இது ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்-க்குன்னு இல்லாம அகலமான எல்லையில வேலை செய்யும்.

என் கருத்து இது. கேம்ஷாஃப்ட், ஹெட்டர் (எக்ஸாஸ்ட் குழாய்) மட்டும் மாத்தி தினமும் ஓட்டற காருக்கு ரெண்டுல எதுவும் சரி, அந்தக் காசுல எனக்கு வகையைவிட அளவு பொருந்தறதுதான் முக்கியம். ஸ்ட்ரோக்கர் கிராங்க் (பிஸ்டன் ஓடற தூரத்தைக் கூட்டற கிராங்க்), வேற பிஸ்டன்னு உள்ள எடையே மாறியிருந்தா கிராங்கோட அதிர்வெண்ணும் மாறியிருக்கும். அங்க டேம்பர் கம்பெனிக்கு போன் போட்டு, எஞ்சின் விவரத்தையும் ரெட்லைனையும் (அதிகபட்ச ஆர்பிஎம்) சொல்லிக் கேட்டு வாங்குங்க. டிராக் ரேஸ் ஓடற எண்ணம் இருந்தா ரேஸ் பாகங்களுக்கான பாதுகாப்புத் தர முத்திரையான எஸ்எஃப்ஐ 18.1 இருக்கான்னு பாருங்க. கால் மைலை 10.99 நொடியிலயோ அதுக்குள்ளயோ முடிக்கிற வண்டிக்கு அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ அதைக் கட்டாயமாக்கியிருக்கு.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இன்னொரு விஷயம். எல்எஸ் குடும்பத்துல பெல்ட் ஓடற தூரம் மூணு விதம்: கொர்வெட், கமாரோ, டிரக். மூணுக்கும் டேம்பர் வேற வேற. கமாரோ டேம்பர் கொர்வெட் கிராங்க்ல ஏறிடும், ஆனா பெல்ட் நேர்கோட்டுல வராது. அண்டர்டிரைவ்னு சின்ன விட்டத்துலயும் கிடைக்கும். 10 சதவீதம் சின்னதுன்னா பரவாயில்ல. 25 சதவீதம்னா ஐடில்ல ஆல்டர்னேட்டர் சார்ஜ் குறையும், தினசரி வண்டிக்கு நான் சொல்லமாட்டேன். எல்எஸ்1 உள்ளேயே பேலன்ஸ் பண்ணின எஞ்சின், அதனால எடை சேர்க்காத டேம்பர்தான் வேணும். பழைய ஃபோர்ட் 302-ல பேலன்ஸுக்கு டேம்பர்லயே எடை இருக்கும், அதை வெச்சிருக்கிறவங்க 28 அவுன்ஸா 50 அவுன்ஸான்னு பார்க்காம வாங்கவே கூடாது.

இப்ப மாட்டற வேலை. பேட்டரி வயரைக் கழட்டுங்க, ரெண்டு பெல்ட்டையும் எடுங்க. கொர்வெட்ல ஸ்டியரிங் ரேக் குறுக்க நிக்கும், போல்ட்டைக் கழட்டி அதை நகர்த்தாம டேம்பர் வெளிய வராது. வேலையில பாதி நேரம் இதுக்கே போயிடும். ஸ்டார்ட்டரைக் கழட்டி, அந்த ஓட்டை வழியா ஃப்ளைவீலை லாக் பண்ணுங்க. போல்ட் 24 மில்லிமீட்டர் சாக்கெட். அப்புறம் மூணு கால் புல்லர். புல்லரோட ஸ்க்ரூ கிராங்க் மரையில நேரா முட்டாம இருக்க, உள்ள ஒரு இரும்புக் கம்பியை விட்டுக்குங்க.

டேம்பர் வெளிய வந்ததும் முன் ஆயில் சீலைப் புதுசு போட்டுடுங்க. மறுபடி இந்த இடத்துக்கு வர யாருக்கும் ஆசை இருக்காது. கிராங்க் மூக்கை மைக்ரோமீட்டர்லயும், புது ஹப்போட உள்விட்டத்தை போர் கேஜ்லயும் அளங்க. ஹப் ஓட்டை மூக்கைவிடச் சின்னதா இருக்கணும், சுமார் ஆயிரத்துல ஒரு அங்குலம். உங்க டேம்பரோட தாள்ல சரியான எல்லை இருக்கும். எல்எஸ்1 டேம்பருக்கு, கிராங்க்ல வழுக்காம பிடிக்கிற சாவி (கீ) கிடையாது, இந்த இறுக்கமும் போல்ட்டும்தான் அதைப் பிடிச்சிருக்கு. ரொம்ப இறுக்கமா இருந்தா மெஷின் ஷாப்ல ஹப்பைத்தான் ஹோன் பண்ணணும் (உள்பக்கத்தைத் துளி தேய்ச்சு அகலமாக்கறது), கிராங்க் மேல உப்புத்தாள் கூடப் படக்கூடாது.

[திரையில்: இன்ஸ்டாலர் டூல், அருகில் நெருக்கமாக. நீளமான ஸ்க்ரூ கிராங்குக்குள் முழுசாக இறங்குகிறது.]

சுத்தியலை எடுத்து அந்தப் பக்கம் வையுங்க. தட்டினா அந்த அடி கிராங்கோட திரஸ்ட் பேரிங்குக்குப் போகும். திரவ வகையா இருந்தா கூடு நசுங்கி உள் வளையம் சிக்கிடும், அதோட டேம்பர் வீண். ஸ்டாக் போல்ட்டை வெச்சு இழுக்கவும் கூடாது. ஆரம்பத்துல அது ரெண்டு மூணு மரைதான் பிடிக்கும், அத்தனை பளுவும் அதுலயே வந்து கிராங்க் மரை உருவிக்கும். இன்ஸ்டாலர் டூலைக் கிராங்குக்குள்ள முழுசா இறக்கி, சீல் உதட்டுல எண்ணெய் தடவி, ஹப்பைச் சீரா உள்ள இழுங்க.

ஜிஎம் மேனுவல்ல இருக்கிற முறை இது. முதல்ல பழைய போல்ட்டைப் போட்டு 330 நியூட்டன் மீட்டர், அதாவது 240 ஃபுட் பவுண்ட். அதைக் கழட்டுங்க. இப்ப ஹப் முகத்துலயிருந்து கிராங்க் நுனி எவ்வளவு உள்ள இருக்குன்னு டெப்த் கேஜ் வெச்சுப் பாருங்க: 2.4-லிருந்து 4.48 மில்லிமீட்டருக்குள்ள வரணும். வரலைன்னா ஹப் முழுசா உட்காரல. வந்தா, புது போல்ட்டைப் போட்டு 50 நியூட்டன் மீட்டர், அப்புறம் 140 டிகிரி. இந்த போல்ட் நீண்டு இறுகற ரகம், ஒரு தடவைக்குத்தான். வேற கம்பெனி ஹப்போ, ஏஆர்பி மாதிரி வேற கம்பெனி போல்ட்டோ போட்டா அந்தந்தத் தாள்ல இருக்கிற ஆழமும் டார்க்கும்தான் கணக்கு.

சூப்பர்சார்ஜர் இருந்தா இதோட நிறுத்தாதீங்க. பெல்ட் இழுக்கிற இழுப்புல ஹப் வழுக்கும். ட்ரில் கிட் வாங்கி, ஹப்பும் கிராங்க் மூக்கும் சேர்ற இடத்துல துளை போட்டு பின் அடிச்சிடுங்க.

பெல்ட்டை மாட்டறதுக்கு முன்னாடி டயல் கேஜை வெச்சு, எஞ்சினைக் கையால ஒரு சுத்து சுத்தி ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஸ்டார்ட் பண்ணின பிறகு பெல்ட் கீச்சுன்னா ஸ்ப்ரே அடிக்காதீங்க. அணைச்சு, நேரான இரும்புப் பட்டையைப் புல்லிகள் மேல வெச்சு, எந்தப் புல்லி விலகியிருக்குன்னு பாருங்க. எஞ்சின் ஒரு தடவை நல்லா சூடாகி ஆறினதும், சீல் ஓரத்துல ஈரம் கசியுதான்னு டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு ரேக் போல்ட்டோட டார்க்கையும் சரிபார்த்துடுங்க. அதுக்கு அப்புறம் வண்டியை ரோட்டுக்கு எடுக்கலாம்.