டவல துவைக்கத் தெரியாம காருக்கு பாலிஷ் போட்டு என்ன பிரயோஜனம்? மைக்ரோஃபைபர் டவல் முழு விளக்கம்

(காட்சி: பாளையங்கோட்டை, ஷெட்டு வாசல். ஸ்டூல் மேல ரெண்டு எவர்சில்வர் தட்டு, ரெண்டுலயும் அர டம்ளர் தண்ணி. கையில ரெண்டு நீல டவல்.)

வணக்கம் மக்களே. இந்தா என் கையில ரெண்டு டவல் இருக்கு பாருங்க, ஒரே பாக்கெட்டு, ஒரே நாள்ல பிரிச்சது, கலரும் ஒண்ணு சைஸும் ஒண்ணு. எடது கை டவல இந்தத் தட்டு மேல வைக்கேன். அமுக்கல, தேய்க்கல, சும்மா வச்சுட்டு தூக்குதேன். பாத்தீங்களா, தட்டு காஞ்சு போச்சு. இப்ப வலது கை டவலு, அதே மாதிரி வைக்கேன், தூக்குதேன். தண்ணி அப்படியே கெடக்கு. சேம்பு இலையில தண்ணி ஒட்டாம உருளுமே, அதே மாதிரி டவல் மேலயே உருண்டு ஓடுது.

ரெண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசந்தான். வலது கை டவல நம்ம பய ஒருத்தன் மூணு தடவ, துணி மெத்துன்னு இருக்கணும்னு கடைசித் தண்ணில ஊத்துவாங்கல்லா, அந்த வாசன லிக்விட் ஊத்தி அலசிட்டான். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சான். டவலு செத்துப் போச்சு. இதுக்கு உயிரு வருமான்னு கடைசில பாப்போம், இப்பமே அத ஒரு வாளில ஊறப் போட்டுட்டு வாரேன்.

(காட்சி: ஷெட்டுக்குள்ள, லைட் வெளிச்சத்துல கருப்பு கார் பானெட்.)

நமக்கு கார் டீடெயிலிங், அதாவது காரக் கழுவி பாலிஷ் போட்டு மினுக்குறதுதான் தொழிலு. வாரவங்க எல்லாரும் எந்த காம்பவுண்ட் (கோடு எடுக்கத் தேய்க்க பசை) போடுதிய, எந்த மெஷினு, கோட்டிங் எத்தன வருசம் நிக்கும்னு கேக்காங்க, ஆனா டவல எப்படித் துவைக்கியன்னு ஒருத்தரும் கேட்டது கெடயாது. வேக்ஸ் போட்டாலும் சரி பாலிஷ் போட்டாலும் சரி, கடைசில பெயிண்ட் மேல படுறது அந்தத் துணிதான.

ஒரு ஆடி மாசம், திசையன்விளையில இருந்து ஒரு அண்ணாச்சி கருப்பு செடான் கொண்டு வந்தாரு. "தம்பி, நான் யார்ட்டயும் வண்டிய கழுவக் குடுக்கதே இல்ல, நல்ல ஷாம்பு, ரெண்டு வாளி, நல்ல வெலயில வாங்குன டவலு, இருந்தும் வெயில்ல நிப்பாட்டுனா செலந்தி வல கட்டுன மாதிரி தெரியுது, என்னன்னு பாரு"ன்னாரு. லைட்ட போட்டுப் பாத்தா உண்மதான், பானெட்டு பூரா வட்ட வட்டமா கோடு. டவல் கையில இருக்கா அண்ணாச்சின்னு கேட்டேன், டிக்கியில இருந்து எடுத்துக் குடுத்தாரு. பாக்க சுத்தமா இருந்துச்சு, சோப்பு வாசம்கூட அடிச்சுச்சு. வெரல ஈரமாக்கிட்டு துணி மேல மெதுவா ஓட்டுனேன், ஒரு எடத்துல நெருடுச்சு. இழைய வெலக்கிப் பாத்தா செக்கச் செவேல்னு ஒரு பொடி மணலு. தேரி மணலு, நம்ம பக்கத்து செம்மணல் மேட்டு மண்ணு. இன்னொரு எடத்துல நெருடுச்சு, அங்கனயும் ஒண்ணு. அவரு டவல துவைச்சு வெளிய கொடியில போட்டிருக்காரு, ஆடிக் காத்து தேரி மண்ண வாரிக் கொண்டாந்து அதுல எறச்சிருக்கு, அத வச்சுத்தான் வாராவாரம் வண்டிய தொடச்சிருக்காரு.

தேரி மணலு செவப்பா இருக்கது மேல படிஞ்ச இரும்பு ஆக்சைடால. உள்ள இருக்கது குவார்ட்ஸ். கடினத்தன்மைய 1ல இருந்து 10 வரைக்கும் அளக்குற மோஸ் அளவுல குவார்ட்ஸுக்கு 7, கார் பெயிண்ட்டெல்லாம் அது முன்னாடி வெண்ண மாதிரி. பெயிண்ட்டுக்கு மேல இருக்க கிளியர் கோட்டு சாதாரணமா 40, 50 மைக்ரான் கனந்தான், நம்ம தலமுடியவிட மெல்லிசு. கோடு விழுந்தா பாலிஷ் போட்டு எடுத்துரலாம்னு சொல்லுதோமே, எடுக்கதுன்னா என்ன, அந்த 40, 50 மைக்ரான்ல கொஞ்சத்தச் சீவி எடுக்கதுதான். போனது திரும்பி வராது. அதனாலதான் டவலு விசயத்துல நான் இவ்வளவு பேசுதேன், ஒவ்வொரு தடவ அழுக்கு டவலால தொடைக்கும்போதும் வண்டியோட ஆயுசுல இருந்து கொஞ்சம் போகுது.

சரி, மணலு ஏன் துவைச்சும் போகல? அதுக்கு இந்தத் துணி எப்படி ஆனதுன்னு தெரிஞ்சிருக்கணும். பத்தமடை பாய் பாத்திருப்பீங்க. கோரைய ஆத்துத் தண்ணில ஊறப் போட்டு, நாரு நாரா கிழிச்சு, நூலு மாதிரி ஆக்கித்தான் அந்தப் பட்டுப் பாய் நெய்யுதாங்க, எவ்வளவு மெல்லிசா கிழிக்காங்களோ அவ்வளவு வழவழப்பு. மைக்ரோஃபைபரும் கிழிச்ச இழைதான். பாலியஸ்டரையும் பாலிஅமைடையும், அதாவது நைலான் வகைய, ஒண்ணாச் சேத்து ஒரே இழையா இழுத்து, அப்புறம் அத சாத்துக்குடிய சுளை சுளையா பிரிக்க மாதிரி பிரிச்சிருவாங்க. பாக்கெட்டுல 80/20, 70/30ன்னு போட்டிருக்கது அந்த ரெண்டோட அளவு. 9000 மீட்டர் நூலு ஒரு கிராம் இருந்தா ஒரு டெனியர்னு கணக்கு, இந்த இழை அதுக்கும் கீழ. பிரிச்ச சுளைக்கு நடுவுல இருக்க சந்துதான் தண்ணிய உறிஞ்சுது, ஓரத்துல இருக்க மூலைதான் தூசியக் கவ்வுது. அழுக்கப் பிடிச்சு வைக்கதுக்குன்னே செஞ்ச துணி, அதனால லேசுல விடாது. அந்தச் சந்து அடைபட்டாலோ, சூட்டுல மூலை மழுங்கிட்டாலோ அது மைக்ரோஃபைபரே கெடயாது, வெறும் பாலியஸ்டர் துணி.

வாசன லிக்விட் செய்யுறது அதத்தான். இழை மேல எண்ண மாதிரி ஒரு படலம் பூசிரும், கைக்கு மெத்துன்னு இருக்கும், சந்து அடைஞ்சு போகும், தண்ணிய எடுக்காது, கண்ணாடியில தொடச்சா ஈஷிக்கிட்டே வரும். உங்க வீட்டு வாஷிங் மெஷின்ல அத ஊத்துற பழக்கம் இருந்துச்சுன்னா மெஷின்ல அத ஊத்துற டிரேயத் தனியா கழுவிட்டு, வெறும் தண்ணில ஒருக்க மெஷின ஓட்டிட்டு அப்புறம் டவல போடுங்க. பிளீச்சும் கூடாது, நைலான அரிச்சிரும்.

(காட்சி: மூணு பிளாஸ்டிக் வாளி, செவப்பு, பச்ச, கருப்பு.)

இப்ப துவைக்க விசயம். மொதல்ல பிரிக்கணும். பெயிண்ட் தொட்டது ஒரு வாளி, கண்ணாடியும் சீட்டும் டாஷ்போர்டும் தொடச்சது ஒரு வாளி, வீலு, கதவு இடுக்கு, எஞ்சின் தொட்டது தனியா கருப்பு வாளி. வீலுல பிரேக் தூசி இருக்கும், அதுல இரும்புத் துகளு, அந்தத் தண்ணில பெயிண்ட் டவல ஒரு தடவ முக்குனாலே போச்சு. தரையில விழுந்த டவலும் வீலு வாளிக்குத்தான், எவ்வளவு புதுசா இருந்தாலும் சரி, மனசு கேக்காதுதான், இருந்தாலும் போடணும்.

செராமிக் கோட்டிங், அதாவது பெயிண்ட் மேல பூசுற பாதுகாப்புப் பூச்சு, அதத் தொடச்ச டவல துவைக்காதீங்க. அந்தக் கோட்டிங் இழைக்குள்ளயே கண்ணாடி மாதிரி எறுகிரும், எந்தச் சோப்புக்கும் எளகாது. வேல முடிஞ்சதும் தூரப் போட்டுருங்க.

காம்பவுண்ட், வேக்ஸ் தொடச்சதையெல்லாம் காய விடவே கூடாது. காஞ்சா கல்லு மாதிரி பிடிச்சுக்கிடும். நாங்க வண்டி வேல நடக்கும்போதே பக்கத்துல சோப்புத் தண்ணி வாளி வச்சிருப்போம், ஒரு டவல் முடிஞ்சா நேர அதுக்குள்ள. சாயங்காலம் வெதுவெதுன்னு தண்ணி, பச்சப் பிள்ளய குளிப்பாட்டுற சூடு இருந்தாப் போதும், ஒரு 40 டிகிரிக்கு மேல வேண்டாம், அதுல வாசனயோ பிளீச்சோ கலக்காத லிக்விட் டிடெர்ஜென்ட், பத்து டவலுக்கு ரெண்டு ஸ்பூன். பவுடர் வேண்டாம், கரையாத குருண இழைக்குள்ள போயி உக்காந்துக்கிடும். அர மணி நேரம் ஊறட்டும், அப்புறம் டவலோட டவல் வச்சு லேசா கசக்கணும், வேக்ஸ் கறை இருக்க எடத்துல மட்டும் பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு. பிரஷ் போடக் கூடாது, கல்லுல அடிக்கவும் கூடாது. அப்புறம் அலசணும், நொரை வராம போற வரைக்கும், நான் நாலு தண்ணி அலசுவேன். மெஷின்ல போட்டா டெலிகேட் மோடு, கூட ஒரு ரின்ஸ்.

கூட வேற துணி எதுவும் போடக் கூடாது, அதுலயும் காட்டன் கூடவே கூடாது. ஒரு நாளு நான் வெளியூரு போயிட்டேன், எங்கம்மை பாவம், பிள்ள வேலக்கி ஒத்தாசையா இருக்கட்டும்னு இருபது டவலையும் அப்பா வேட்டி, துண்டோட ஒண்ணா மெஷின்ல போட்டு துவைச்சு மடிச்சு வச்சிருக்கா. மறுநாளு கருப்பு வண்டில வேக்ஸ் தொடைக்கேன், தொடைக்கத் தொடைக்க வெள்ள வெள்ளயா பஞ்சு, பூன முடி கொட்டுன மாதிரி. இழை பஞ்சக் கவ்விக்கிட்டு அப்புறம் பெயிண்ட்ல கக்குது. இருபது டவலையும் உக்காந்து டேப்பு ஒட்டி ஒட்டி எடுத்தோம், எங்கம்மையும் கூட உக்காந்தா. இப்ப டவல் வாளியப் பாத்தாலே யாரையும் தொட விட மாட்டா. புது டவலயும் ஒருக்க துவைச்சுட்டுத்தான் எடுக்கணும், புதுசுல நூலுப் பிசிரும் சாயமும் இருக்கும். ஓரத்துல தச்சிருக்க லேபிளயும் வெட்டிருங்க, அதுவும் கோடு போடும்.

தண்ணிக்கு வாங்க. ஆத்துத் தண்ணி குழாய்ல வாரவங்களுக்குப் பெரிய பிரச்சன இல்ல. ராதாபுரம், சாத்தான்குளம் பக்கம் போர்த் தண்ணி உப்பா இருக்க வீடுன்னா, வெந்நி வைக்க பாத்திரத்துல வெள்ளயா ஏடு கட்டுமே, அதே சுண்ணாம்புதான் டவல்லயும் படியுது. அட்ட மாதிரி வெறச்சுப் போச்சுன்னா அதான் காரணம். கடைசி அலசல் தண்ணில அர கப்பு வெள்ள வினிகர் ஊத்தி பத்து நிமிசம் வச்சு, நல்ல தண்ணில ஒருக்க அலசுங்க, எளகிரும். வினிகரயும் பிளீச்சயும் மட்டும் ஒருக்காலும் ஒண்ணாக் கலந்துராதீங்க, குளோரின் கேஸ் வரும், மூச்ச அடைக்கும்.

காயப் போடுறது நெழல்ல, கூரைக்கு அடியில. நைலான் கயிறு ஒரு வருசம் வெயில்ல கெடந்தா தும்பு தும்பா உதிருமே, டவலு இழையிலயும் அதே சரக்குதான் இருக்கு. சில பேரு சித்திர வெயில்ல கார் பானெட் மேலயே விரிச்சுக் காய வைக்காங்க, அது தோசக்கல்லுல போடுற மாதிரி, செய்யாதீங்க. அயர்ன் பெட்டி பக்கமே கொண்டு போகாதீங்க. ஆனி ஆடில காத்து அடிக்கும்போது கதவ அடைச்சு உள்ள கட்டுன கொடிதான். ஐப்பசி கார்த்திகையில காயாம ஈர வாட அடிக்கும், ஃபேனுக்கு அடியில போடுங்க, ஈரத்தோட மடிச்சு வச்சா பூஞ்ச பிடிக்கும். காஞ்சதும் உதறி, நாலா மடிச்சு மூடி போட்ட டப்பாவுல. நாலா மடிச்சா துடைக்க எட்டுப் பக்கம் கெடைக்கும், ஒரு பக்கம் அழுக்கானா திருப்பிக்கிடலாம்.

சந்தேகமா இருந்தா பழைய சிடி ஒண்ண எடுத்து, பளபளன்னு இருக்க பக்கத்துல டவல வச்சு அமுக்கித் தேய்ச்சுப் பாருங்க. கோடு விழுந்தா அந்த டவல பெயிண்ட் பக்கம் கொண்டு போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்கு அப்புறம் வந்த வண்டிகள்ல சீட்டுக்கு அடியில எல்லாம் ஆத்து வண்டலு, அத தொடச்ச டவல எத்தன தடவ துவைச்சும் சிடில கோடு விழுந்துக்கிட்டேதான் இருந்துச்சு, அம்புட்டையும் வீலுக்கு ஒதுக்கிட்டோம்.

இன்னொண்ணு, இத நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கேன். துவைக்கும்போது இழை பிஞ்சு வரும், அது பூரா பிளாஸ்டிக்கு. குறுக்குத்துறையிலயோ கொக்கிரகுளத்துலயோ வண்டிய எறக்கி டவல ஆத்துல அலசாதீங்க. நம்ம குடிக்க தாமிரபரணி, புன்னக்காயல் வரைக்கும் போயி கடல்ல சேருது. நாங்க அழுக்குத் தண்ணிய ஒரு பழைய வேட்டியில வடிகட்டிட்டுத்தான் டிரெய்னேஜ்ல விடுதோம், வேட்டியில நிக்க பிசிரப் பாத்தா உங்களுக்கே தெரியும்.

(காட்சி: மறுநாள் காலை. அதே தட்டு, அர டம்ளர் தண்ணி. ராத்திரி பூரா ஊறி, ரெண்டு தடவ துவைச்சுக் காஞ்ச வலது கை டவல்.)

இந்தா, நேத்து செத்துப் போச்சுன்னு சொன்ன டவலு. வைக்கேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. தூக்குதேன். முக்காவாசி குடிச்சிட்டு, ஓரத்துல கொஞ்சம் நிக்கி. இன்னும் ஒரு தடவ வெதுவெதுப்பான தண்ணில ஊறல் குடுத்துப் பாக்கேன், அதுவரைக்கும் இது கண்ணாடிக்கும் வேண்டாம் பெயிண்ட்டுக்கும் வேண்டாம், கருப்பு வாளில கெடக்கட்டும்.