யானைக்காகத் தோட்டத்தை மூட வேண்டுமா?

அடுத்த கேள்வி. "வால்பாறையில் யானை வருகிறது என்பதற்காகத் தேயிலைத் தோட்டங்களைக் காடாக மாற்றச் சொல்கிறார்களே, அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே போவார்கள்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

கோபம் புரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: யானை தேயிலையைத் தின்பதில்லை. கரும்போ வாழையோ போட்டவருக்கு ஒரே இரவில் வயிறு எரியும். தேயிலைக்கு அந்தப் பயம் கிடையாது. அங்கே ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் இருக்கும் அரிசிதான் யானையை இழுக்கிறது. சுவரை இடித்து மூட்டையை உருவிவிடும்!

வால்பாறை சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். 1890களிலிருந்து காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். சுற்றிலும் இன்றும் ஆனைமலைக் காடு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டுமானால் யானை தோட்டத்தைக் கடந்தே ஆக வேண்டும். பகலில் ஆற்றோர மரங்களுக்குள்ளும் மிஞ்சியிருக்கும் துண்டுக் காடுகளிலும் ஒதுங்கி நிற்கும். அவற்றையும் வெட்டிவிட்டால் யானை வராமலா போகும்? தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டு வாசலில் வந்து நிற்கும். ஆகவே முழுத் தோட்டத்தையும் யாரும் கொடுக்க வேண்டியதில்லை. ஆற்றின் இரு கரையிலும் ஒரு பட்டையைத் தேயிலை இல்லாமல் விட்டால் போதும் என்பது என் கருத்து. கம்பெனிக்குக் கொஞ்சம் கொழுந்து குறையும், குறையட்டும்.

உயிர்ப்பலிக்கு வருகிறேன். அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர், யானை நிற்பது தெரியாமல் அதன் எதிரே போய்விட்டவர்கள். வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, இருட்டில் நடந்து வீடு திரும்பும் நேரம் அது. அப்படியானால் யானை நிற்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால்? இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். முதலில் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து, பிறகு செல்போனில் தமிழ்க் குறுஞ்செய்தி, குரல் அழைப்பு. முன்பு ஆண்டுக்குச் சராசரியாக மூன்று பேர் இறந்த இடத்தில் அது ஒன்றாகக் குறைந்தது. 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது.

முக்கியமான இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். அருகே யானை இருந்தால் அது மின்னும். அதைச் செல்போனிலிருந்தே போடலாம். போடுகிறவர்களில் அங்கேயே குடியிருக்கும் தோட்டத்து மக்களும் உண்டு.