இறகு கடைசியில்தான் ஏறும்

எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் என் கையில் இருக்கும் இந்தத் தொப்பியைப் பார்த்துவிடுங்கள். பேசி முடித்ததும் முன்வரிசைக்குத் தருகிறேன். இதன் பெயர் ஷாக்கோ. உயரமான டப்பா மாதிரி இருக்கிறது. நெற்றிக்கு முன்னால் பளபளப்பான ஒரு விளிம்பு, கீழே தாடைவார். தூரத்திலிருந்து பார்த்தால் தோலில் செய்தது என்று தோன்றும், கையில் எடுத்தால் கனமே தெரியாது. வெறும் பிளாஸ்டிக் கூடு, மேலே துணி. உச்சியில் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. இறகுக்குஞ்சம் செருகும் இடம் அது. அமெரிக்காவில் ஏதோ ஒரு பள்ளி பேண்ட் கழித்துப் போட்டதை, பழைய சாமான் கடையில் பார்த்து ஒரு நண்பர் எனக்கு வாங்கி அனுப்பினார். அன்றிலிருந்து என் மேசை மேல்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட தொப்பிகளுக்குப் பேர்போனவை டிரம் கோர் குழுக்கள், அவற்றைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். டிரம் கோர் என்பதை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். அமெரிக்காவில் கோடை விடுமுறையில் ஊர் ஊராகப் போய் அமெரிக்கக் கால்பந்து மைதானங்களில் அணிவகுத்து வாசிக்கும் இளைஞர் குழுக்கள் அவை. பித்தளைக் கருவிகள், முரசுகள், கொடி சுழற்றுகிறவர்கள், இவைதான் முக்கியம். கிளாரினெட், சாக்சபோனுக்கெல்லாம் இடம் கிடையாது. வயது 21, 22 ஆனதும் வெளியே வந்துவிட வேண்டும்.

இதன் வேர் முதல் உலகப்போரிலிருந்து திரும்பி வந்த சிப்பாய்களிடம் இருக்கிறது. ஊர்தோறும் அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் சிப்பாய்களின் சங்கங்கள் உருவாயின. முரசும் பியூகிள் என்ற ராணுவ ஊதுகொம்பும் வைத்து அவர்கள் குழு அமைத்தார்கள். போர்க்களத்தில் தலையைக் காத்த அதே வடிவ இரும்பு ஹெல்மெட்டைப் பளபளவென்று மெருகேற்றிப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். குண்டுச் சிதறலுக்காகச் செய்த சட்டி, சில வருடங்களிலேயே வெயிலில் மின்னும் அலங்காரமாகிவிட்டது! பிறகு சிறுவர்களுக்கான குழுக்கள் வந்தன. 1971இல் பெரிய குழுக்கள் சேர்ந்து டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அமைப்பை உண்டாக்கின. 1972இல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டரில் அதன் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் வென்றார்கள்.

சரி, தொப்பிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்தது வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் என்ற ஊரின் ட்ரூப்பர்ஸ் குழு. ஜிம் ஜோன்ஸ் என்பவர் 1957இல் தொடங்கியது. இவர்களுடைய அடையாள உடை குதிரைப்படை உடை. கருநீல மேல்சட்டை, கழுத்தில் மஞ்சள் துணி, அகன்ற விளிம்புள்ள தொப்பி, அதன் முன்பக்கத்தில் குறுக்கே வைத்த இரண்டு வாள்கள். பொதுவாக ஏதோ ஒரு குதிரைப்படையைப் பார்த்துச் செய்த உடை இல்லை இது. 11ஆவது ஒஹாயோ குதிரைப்படையை மனதில் வைத்தே செய்தது. ஏன் அந்தப் படை? 1865 ஜூலை 26 அன்று, பிளாட் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், வந்துகொண்டிருந்த வண்டித் தொடருக்குத் துணையாக ஒரு சிறு படையோடு புறப்பட்டான் காஸ்பர் காலின்ஸ் என்ற லெப்டினன்ட். 20 வயது. லகோட்டா, செய்யன் வீரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அங்கேயே இறந்தான். அவன் படைதான் 11ஆவது ஒஹாயோ. அவன் பெயரைத்தான் பிறகு அந்த ஊருக்கு வைத்தார்கள், எழுத்துப் பிழையோடு. அவன் பெயரில் இருந்த 'ஏ' என்ற ஆங்கில எழுத்து ஊர்ப் பெயரில் 'இ' ஆகிவிட்டது, இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அந்தப் பாலத்தில் எதிரே நின்றவர்கள் தங்கள் நிலத்துக்காகச் சண்டை போட்டவர்கள். அதையும் சொல்லாமல் இந்தத் தொப்பியைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் ஒன்று பாருங்கள். ஒரு ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரின் பெயர் எங்கிருந்து வந்ததோ அதையே தலையில் வைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றி வாசிக்கிறார்கள். தொப்பி என்றால் இதுதான் எனக்கு.

இந்தத் தொப்பிகள் எதுவுமே அழகுக்காகப் பிறந்தவை இல்லை. நாள் முழுக்கக் குதிரை மேல் வெயிலிலும் மழையிலும் இருக்கிறவனுக்கு அகன்ற விளிம்பு வேண்டும். ஹங்கேரியிலிருந்து வந்த ஷாக்கோ, நெப்போலியன் காலத்துச் சிப்பாயை எதிரி கண்ணுக்கு உயரமாகக் காட்டியது. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா வேன்கார்ட் குழுவின் பாரம்பரியத் தொப்பியைப் பாருங்கள், ஆஸ்திரேலியப் படையின் பாணி, விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் மேலே மடித்திருக்கும். 1885இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பகுதிக் குதிரைத் துப்பாக்கிப் படையில் அப்படி மடித்தார்கள், தோளுக்குத் துப்பாக்கியை ஏற்றும்போது விளிம்பில் இடிக்கக் கூடாது என்று. டிரம்பெட் வாசிக்கிற பையனின் தோளில் ஏது துப்பாக்கி? ஆனாலும் அந்த மடிப்பு அங்கே சும்மா இல்லை. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியும், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் நிழல்தான் தெரியும். நூறு பேர் ஒரே தாளத்தில் திரும்பும்போது, மேகம் விலகி வெயில் விழுந்த மாதிரி மைதானமே நிறம் மாறும்.

அப்புறம் இல்லினாயில் ராக்ஃபோர்டு நகரத்தின் ஃபான்டம் ரெஜிமென்ட். 1956இல் பிறந்த குழு. இவர்களுடைய அடையாளமாகிவிட்டது வெள்ளை ஹெல்மெட். பழைய படங்களில் வெள்ளைக்காரக் கலெக்டர்கள் தலையில் பார்த்திருப்பீர்களே, சோலா தொப்பி, அந்த வடிவம்தான். அந்தத் தொப்பியை எதில் செய்தார்கள் தெரியுமா? நெட்டியில். ஆமாம், மாட்டுப் பொங்கலுக்குச் சாயம் ஏற்றி மாலை கட்டி மாட்டின் கழுத்தில் போடுகிறோமே, அதே நெட்டி. குளத்திலும் சதுப்பிலும் வளரும் செடி. அதன் தண்டுக்குள் இருக்கும் வெண்மையான, பஞ்சு போன்ற பகுதியைச் சீவி எடுத்து ஒட்டி, மேலே துணி போர்த்தினார்கள். எடை கிடையாது, சூட்டை உள்ளே விடாது. அதே பொருளில் தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலை மாதிரியாகச் செய்கிறார்கள். அந்த வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராக்ஃபோர்டுப் பிள்ளைகளின் ஹெல்மெட் பிளாஸ்டிக்தான். ஆனால் வடிவம் வந்த வழியைப் பிடித்துக்கொண்டே போனால் நம் ஊர்க் குளக்கரைச் செடியில் போய் நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்மையிலேயே தூக்கம் வரவில்லை.

இந்த ஷாக்கோவைத் தலையில் வைத்துக் காட்டுகிறேன். விளிம்புக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும் என்று பேண்ட் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். இப்படி. இப்போது நேராகப் பார்த்தால் உங்கள் முழங்கால்தான் எனக்குத் தெரிகிறது. மேடையில் தாளம் காட்டுகிறவரைப் பார்க்க வேண்டும் என்றால் தாடையைத் தூக்கியே ஆக வேண்டும். தூக்கினால் முதுகு தானாக நிமிர்கிறது. 'நிமிர்ந்து நில்' என்று ஒரு ஆசிரியர் நூறு முறை சொல்வதைத் தொப்பி ஒரே முறையில் செய்துவிடுகிறது.

இறகு இன்னும் கறாரானது. நடக்கும்போது குதிகால் முதலில் பட்டு, பாதம் உருண்டு, விரல் கடைசியில் படிய வேண்டும். அப்படி நடந்தால் இடுப்புக்கு மேல் உடம்பு மிதக்கும். நடையில் சின்னக் குலுக்கல் இருந்தால் காலைப் பார்க்கிறவனுக்குத் தெரியாது, இறகு ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். மாடியில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு அது போதும். 2008இல் இதே ஃபான்டம் ரெஜிமென்ட் சாம்பியன் ஆனது 0.025 புள்ளி வித்தியாசத்தில். 98.125க்கு 98.100. அப்படிப்பட்ட உலகத்தில் ஒரு இறகின் ஆட்டம் சின்ன விஷயமே இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும்போது தொப்பி கழன்று விழுந்தால் குனிந்து எடுக்கவும் முடியாது. வெறுந்தலையோடு வாசித்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

2016இல் ஒரு பெரிய திருப்பம். ஒஹாயோவின் கான்டன் நகரத்துப் புளூகோட்ஸ், தொப்பியே இல்லாமல் இறங்கினார்கள். சாய்தளங்களில் ஏறிச் சறுக்கினார்கள், உருண்டார்கள். தொப்பி இருந்திருந்தால் அது முடிந்திருக்காது. அந்த வருடம் அவர்கள்தான் சாம்பியன், அவர்களுடைய வரலாற்றில் முதல் முறையாக. அதற்குப் பிறகு பல குழுக்கள் தொப்பியைக் கழற்றி வைத்தன. வருடத்துக்கு ஒரு உடை, காட்சிக்குத் தகுந்த நிறம் என்று ஆனது.

நான் அந்த நிகழ்ச்சியின் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அருமையான வேலை. முகம் தெரிகிறது, வியர்வை தெரிகிறது, மூச்சு வாங்குவது தெரிகிறது. அந்தப் பிள்ளைகள் யார் என்று முதல் முறையாகத் தெரிந்த மாதிரி இருந்தது. ஆனாலும் என் மனசு தொப்பியின் பக்கம்தான். முன்பெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் தலையைப் பார்த்தே எந்தக் குழு என்று சொல்லிவிடலாம். இன்று அறிவிப்பாளர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தாத்தா வைத்த அதே தொப்பியைப் பேரனும் வைத்தான் என்கிற தொடர்ச்சியும் போகிறது. 1934இல் நியூ ஜெர்சியில் தொடங்கிய கேடட்ஸ் குழு, வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் பாணியில் ஷாக்கோவும் அரக்குச் சட்டையுமாக எத்தனையோ தலைமுறைகளை வளர்த்தது. 90 வருடங்களுக்குப் பிறகு, 2024இல், அந்தக் குழுவே நின்றுவிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று இந்தத் தொப்பியை எடுத்துத் தூசி தட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இறகைத் தொப்பியோடு சேர்த்து வைக்க மாட்டார்கள், ஒடிந்துவிடும். இதோ, இந்த மாதிரிக் குழாயில் தனியாக வரும். மைதானத்துக்குள் போவதற்குச் சற்று முன்னால், வரிசையில் நிற்கும்போதுதான் ஏற்றுவார்கள். தன் இறகு நேராக இருக்கிறதா என்று தனக்கே தெரியாது, எதிரில் நிற்கிறவன்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். யாராவது இங்கே வாருங்களேன். நீங்கள் வாருங்கள், தம்பி. நான் குனிகிறேன், துளையில் செருகுங்கள். இன்னும் கொஞ்சம் இடது பக்கம். ம், நேராக இருக்கிறதா?

சரி, இப்போது முன்வரிசைக்குத் தருகிறேன். இறகை மட்டும் விரலால் நீவாமல் பாருங்கள்.