ஆட்டம் நின்ற ஆண்டின் கணக்கேடு

அன்பான நேயர்களுக்கு வணக்கம். கொரோனா நோய்த்தொற்றால் 2020 மார்ச் 20 மாலை இலங்கை எங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, திருகோணமலையின் மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும், கிண்ணியா, மூதூர்த் திடல்களிலும் பந்து உருள்வது நின்றது. எப்போது மீண்டும் விளையாடலாம் என்று இளைஞர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறிய உதைபந்தாட்டக் கழகமொன்றின் பொருளாளராக இருந்த எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. ஆட்டமே இல்லாத காலத்தில், இந்த விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்புகள் எதைக்கொண்டு தங்கள் செலவுகளைச் சமாளிக்கின்றன? அந்தக் கேள்விதான் உலக அமைப்பான பீஃபாவின் ஆண்டறிக்கைகளைத் தேடிப் படிக்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியது.

முதலில் எமது கழகங்களின் நிலையைச் சொல்லிவிடுகிறேன்; கழகமொன்றில் இருந்த எவருக்கும் இது பழகிய விடயம். அங்கத்தவர் சந்தாவால் ஒரு கழகம் நடப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு சுற்றுப்போட்டி வைக்க வேண்டும். அணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்க வேண்டும். கிண்ணத்துக்கு ஒரு கடைக்காரரையும் ஜேர்சிக்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய ஆட்டக்காரர் ஒருவரையும் பிடிக்க வேண்டும். மைதான ஓரத்தில் சிற்றுண்டிக் கடை போடுபவரிடம் ஒரு தொகை பெற வேண்டும். நடுவர்களின் கொடுப்பனவு, ஒலிபெருக்கி வாடகை, பந்துகளின் விலை எல்லாம் போக எஞ்சுவதுதான் அடுத்த ஆண்டுக்கான முதல். அந்த ஒரு சுற்றுப்போட்டி நடக்காவிட்டால் ஆண்டு முழுவதற்குமான வருமானமே இல்லாமற் போகும். 2020இல் எங்களுக்கு நேர்ந்தது அதுதான். கடைக்காரருக்கே வியாபாரம் இல்லாதபோது அவரிடம் போய்க் கிண்ணம் கேட்க எவருக்கு மனம் வரும்?

இதைச் சற்று நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சூரிச் நகரிலிருந்து இயங்கும் பீஃபாவின் வருமானமும் அடிப்படையில் இதே அமைப்பைக் கொண்டதுதான். எங்கள் கரையோரத்துக் கரைவலைச் சம்மாட்டிகள் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் உழைத்ததை வைத்து மாரிக்காலத்தைக் கடப்பதைப்போல, பீஃபாவும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ஆண்கள் உலகக் கிண்ணத்தின் தொலைக்காட்சி உரிமைகளையும் விளம்பர உரிமைகளையும் விற்று மற்ற மூன்று ஆண்டுகளைக் கடக்கிறது. ரஷ்யாவில் உலகக் கிண்ணம் நடந்த 2018இல் அதன் வருமானம் 4,600 மில்லியன் டொலரைத் தாண்டியது. 2020இல் அது ஏறத்தாழ 267 மில்லியன் டொலர் மட்டுமே. இந்த வீழ்ச்சியைப் பார்த்து நோய்த்தொற்று பீஃபாவை அழித்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. உலகக் கிண்ண ஒளிபரப்பு உரிமைக்கான பணம் எந்த ஆண்டில் வந்தாலும், போட்டி நடக்கும் ஆண்டின் வருமானமாகவே கணக்கில் எழுதப்படுகிறது. ஆகவே இடைப்பட்ட ஆண்டுகள் எப்போதுமே மெலிந்துதான் தோன்றும். 2020இலும் செலவு 1,000 மில்லியன் டொலரைத் தாண்டியிருந்தது. அந்த இடைவெளியைத் தாங்கியது, முன்பே சேமித்து வைத்த ஒதுக்கு நிதி. 2018 முடிவில் பீஃபாவிடம் 2,700 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட ஒதுக்கு நிதி இருந்தது. நேயர்களே, இந்த ஒதுக்கு நிதி என்ற சொல்லை இன்று நான் பல முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நிதியை வைத்துத்தான் 2020 ஜூன் 25 அன்று பீஃபாவின் பேரவை நிவாரணத் திட்டத்தை அங்கீகரித்தது. 1,500 மில்லியன் டொலர் என்று செய்திகள் தலைப்பிட்டன. பொருளாளர் ஒருவர் அந்தத் தொகையைப் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். 211 தேசிய சங்கங்களுக்கும் தலைக்கு ஒரு மில்லியன் டொலர், அதற்கு மேல் மகளிர் உதைபந்தாட்டத்துக்கென்று அரை மில்லியன், பெருக்கினால் 316.5 மில்லியன். ஆறு கண்டக் கூட்டமைப்புகளுக்கும் இரண்டு மில்லியன் வீதம் 12 மில்லியன். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத புதிய மானியம் இவ்வளவுதான். எஞ்சியதில் பெரும்பகுதி, சங்கங்கள் விரும்பினால் பெறக்கூடிய வட்டியில்லாக் கடனும், முன்பே வாக்களிக்கப்பட்டிருந்த அபிவிருத்திப் பணத்தை முன்கூட்டியே விடுவித்ததுமாகும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெருக்கடியில் உரிய பணம் உரிய நேரத்துக்கு முன்பே கைக்கு வருவதும் பெரிய உதவிதான். ஆனால் மானியம் வேறு, கடன் வேறு, முன்கொடுப்பனவு வேறு என்பதை நேயர்கள் பிரித்தறிய வேண்டும்.

அந்த மானியத்தில் எனக்குப் பிடித்த அம்சம், ஜேர்மனிக்கும் எங்களுக்கும் ஒரே தொகை என்பதுதான். அன்றைய நாணயமாற்றில் ஒரு மில்லியன் டொலர் என்பது 18 கோடி ரூபாவுக்கு மேல். ஜேர்மனிய சங்கத்துக்கு அது சிறு தொகை, இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் போன்ற ஒன்றுக்கு அது பெருந்தொகை. கடன் வேறு விதமாக வகுக்கப்பட்டது. சங்கமொன்றின் ஆண்டு வருமானத்தில் 35 சதவீதம் வரை, குறைந்தது அரை மில்லியன், கூடியது ஐந்து மில்லியன் டொலர் என்று வரையறை இட்டார்கள்.

பணக்கார அமைப்புகளும் அந்த ஆண்டில் தள்ளாடின. 2020இல் நடக்கவிருந்த ஐரோப்பியக் கிண்ணம் 2021க்குத் தள்ளிப்போனது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கங்களின் ஒன்றியமான யூஈஎஃப்ஏ தனது 55 சங்கங்களுக்கு 236.5 மில்லியன் யூரோவை விரைந்து விடுவித்தது. வெம்ப்ளி அரங்கை வைத்துப் பெரும் வருமானம் ஈட்டிய இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம், அரங்கு வெறுமையானதும் 124 பதவிகளை நீக்கப்போவதாக அறிவித்தது. அமெரிக்கச் சங்கம் 2007 முதல் நடத்திவந்த இளையோர் அபிவிருத்திப் பயிற்சி அமைப்பை 2020 ஏப்ரலில் மூடிவிட்டது. பணம் குறையும்போது முதலில் வெட்டப்படுவது பிள்ளைகளுக்கான செலவு என்பதை அங்கே கண்டேன். அது என்னை மிகவும் வருத்தியது.

இனி என் மனதில் நெடுநாளாக இருக்கும் விடயத்துக்கு வருகிறேன். சூரிச்சிலிருந்து தேசிய சங்கம் வரை பணம் வரும் பாதை எழுத்தில் இருக்கிறது. தொகை, நிபந்தனை, கணக்காய்வு எல்லாவற்றையும் எவரும் படிக்கலாம். தேசிய சங்கத்திலிருந்து மாவட்ட லீக்குக்கும், லீக்கிலிருந்து கழகத்துக்கும் வரும் பாதையும் அவ்வளவு தெளிவாக எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஊரடங்கு நாள்களில் கொடுப்பனவின்றி இருந்த நடுவரும், சுற்றுப்போட்டி இல்லாமல் முடங்கிய கழகமும் அந்தப் பாதையின் கடைசியில்தான் நிற்கிறார்கள். அதோடு, எவ்வளவு சிறிய அமைப்பாக இருந்தாலும் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கு நிதியாக வைக்க வேண்டும். மேலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தை பீஃபா இடைநிறுத்தியபோது பார்த்தோம். அந்த இடைநிறுத்தம் நீடித்த மாதங்களில் அபிவிருத்தி உதவிகள் எதற்கும் நாம் உரித்துடையவர்களாக இருக்கவில்லை. நோய்த்தொற்று முடிந்த பின்னரும் ஒதுக்கு நிதியின் தேவை முடியவில்லை.

மகளிர் உதைபந்தாட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதென்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆகவே ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த அரை மில்லியன் டொலரை வேறெதற்கும் திருப்பக் கூடாது என்று பெயர் குறித்தே ஒதுக்கினார்கள். அவ்வாறு பெயர் குறித்து ஒதுக்கும் முறையை மாவட்ட லீக்குகளும் கையாளலாம். உங்கள் லீக்கின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படும்போது, பெண் பிள்ளைகளின் அணிகளுக்கென்று தனி ஒதுக்கீடு ஒன்று இருக்கிறதா என்று எழுந்து கேளுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்.