கண்ணாடி இழையும் சட்ட விதியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் தென்மாவட்டம் ஒன்றில் ஓர் ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கூரையோரத் துளை வழியாக நுழைந்த கருநிற வடம் ஒன்று சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியில் வந்து முடிந்திருந்தது. பெட்டியின் விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. பேட்டரி போய் நாளாயிற்று என்றார் ஊராட்சிச் செயலர். தம்முடைய கைப்பேசி இணைப்பைக் கணினிக்குக் கொடுத்துத்தான் அவர் அன்றாட வேலையை முடித்துக்கொண்டிருந்தார். ஏட்டின்படி அது இணையம் வந்துவிட்ட ஊராட்சி.

அகலக்கற்றை என்று எழுத்திலும் பிராட்பேண்ட் என்று பேச்சிலும் நாம் சொல்லும் அதிவேக இணையத்தை, ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வடம் வழியே கொண்டுசெல்லும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய அந்தத் திட்டம் முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளைத் தொடுவதற்கே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்க டான்ஃபினெட் என்ற அரசு நிறுவனம் உருவாயிற்று. ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் பற்றிப் புகார் எழுந்து, 2020-இல் அந்த ஒப்பந்தப்புள்ளியே ரத்தாகி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இதற்கெல்லாம் ஆகும் பணத்தில் நம் பங்கும் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 5 விழுக்காட்டைக் கிராமப்புறச் சேவைக்கான பொது நிதியில் செலுத்துகின்றன. நாம் மாதாமாதம் செய்யும் ரீசார்ஜில் ஒரு துளி அங்கே போய்ச் சேர்கிறது.

பழைய அமைப்பில் வட்டார அலுவலகத்திலிருந்து புறப்படும் வடம் பெரும்பாலும் ஒரே கோடாக ஊர் ஊராகப் போகும். நடுவில் சாலை வேலைக்கு வந்த பொக்லைன் ஓரிடத்தில் அதை அறுத்துவிட்டால், அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டுவிடும். 2023 ஆகஸ்டில் அமைச்சரவை 1,39,579 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த திருத்திய திட்டம், வடத்தை வளையமாகக் கொண்டுவந்து, ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக இணைப்பு நிற்கும்படி செய்யச் சொல்கிறது. அந்தத் தொகையில் பத்தாண்டுப் பராமரிப்பும் அடக்கம் என்பதுதான் எனக்கு முதன்மையாகப் பட்டது. ஏனென்றால் குழி தோண்டும் வேலை ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். பராமரிப்பு வேலைதான் ஊரில் நிலைத்து நிற்கும்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை ஒரு முறை சாலையோரத்தில் நின்று பார்த்தேன். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்த இளைஞருக்கு. தார்ப்பாய் நிழலில் குந்தியிருந்தார். வடத்தின் மேலுறையைச் சீவி, உள்ளிருந்த இழைகளை நிறம் பார்த்துப் பிரித்து, தலைமயிர் அளவே உள்ள ஓர் இழையைச் ஆல்கஹால் தோய்த்த தாளால் துடைத்து, நுனியைச் செங்குத்தாக வெட்டி, ஒட்டும் கருவிக்குள் வைத்தார். சிறு திரையில் இரண்டு இழை நுனிகளும் நேருக்கு நேர் வந்து நின்றன; ஒரு மின்பொறி; இரண்டும் ஒன்றாயின. ஒட்டு சரியில்லை என்றால் ஒளி அங்கேயே சிதறிவிடும், தூசி பட்டாலும் போச்சு என்று தலை நிமிராமலேயே சொன்னார். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்ட அவர் இந்தத் தொழிலைச் சில மாதங்களில் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இணையம் வந்தால் வேலை வருமா என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை உலக வங்கியின் 2009-ஆம் ஆண்டுக் கணக்கு: வளரும் நாடுகளில் அகலக்கற்றைப் பரவல் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினால் பொருளாதார வளர்ச்சி 1.38 புள்ளிகள் கூடும் என்பது அது. பல நாடுகளின் சராசரியான அந்த எண்ணை ஒவ்வொரு கருத்தரங்கிலும் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. அதைவிட, யோர்ட், பௌல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆப்பிரிக்க ஆய்வை நான் கூடுதலாக நம்புகிறேன். கடலடி வடங்கள் ஆப்பிரிக்கக் கரையைத் தொட்ட பிறகு, உள்நாட்டு வலையமைப்போடு ஏற்கெனவே இணைந்திருந்த ஊர்களையும் இணையாத ஊர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இணைந்திருந்த ஊர்களில் வேலைவாய்ப்பு கூடியது. அதிகம் படிக்காதவர்களுக்கும் கூடியது. வடம் கரைக்கு வந்தது எல்லாருக்கும் பொது. பலன் மட்டும் தம் ஊர் வரை உள்நாட்டு இணைப்பு வந்திருந்தவர்களுக்கே கிடைத்தது. நம் பக்கத்தில் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் 2011-இல் அலுவலகம் திறந்து, மென்பொருள் வேலையைக் கிராமத்துக்குக் கொண்டுவந்ததையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

இனி விதிகளுக்கு வருகிறேன். இணையத்தைக் கட்டுப்படுத்த விதி வகுத்தால் முதலீடு ஓடிவிடும் என்பது பழைய வாதம். எல்லா இணையத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்னும் இணையச் சமநிலை விதிகள் அமெரிக்காவில் 2015-இல் வந்தன, 2017-இல் நீக்கப்பட்டன, 2024-இல் திரும்ப வந்தன, 2025 சனவரியில் நீதிமன்றத்தில் விழுந்தன. ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் முதலீட்டுக் கணக்கைத்தான் காட்டின, வேறு வேறு கணக்குகளாக.

இந்தியாவில் நடந்தது இன்னும் சுவையானது. குறிப்பிட்ட சில தளங்களை மட்டும் இலவசமாகத் தருவதாக ஃபேஸ்புக் நிறுவனம் ஃப்ரீ பேசிக்ஸ் என்ற பெயரில் முன்வைத்த ஏற்பாடு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கட்டணத்தில் வேறுபாடு காட்டக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று விதி வகுத்தது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். முதலீடு ஓடிற்றா? அதே ஃபேஸ்புக் 2020 ஏப்ரலில் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் 43,574 கோடி ரூபாய் போட்டு 9.99 விழுக்காட்டுப் பங்கு வாங்கியது. விதி தெளிவாக இருந்தது, எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது, முன்கூட்டியே தெரிந்தும் இருந்தது; கடை விரிப்பவருக்கு அது போதும்.

முதலீட்டைக் கலங்கடித்தது வேறொரு சொல்: வருவாய். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் உரிமக் கட்டணம் அவற்றின் வருவாயில் ஒரு பங்கு என்று 1999-இல் கொள்கை மாறியது. ஆனால் வருவாய் என்றால் தொலைபேசிச் சேவையில் வருவது மட்டுமா, அல்லது வங்கி வட்டியும் வாடகையும் பழைய இரும்பு விற்ற காசும் சேர்ந்ததா என்ற வழக்கு பல்லாண்டுகள் நீண்டது. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தபோது, பழைய பாக்கியோடு வட்டி, அபராதம், அபராதத்துக்கு வட்டி எல்லாம் ஒரே நாளில் தலையில் விழுந்தன. வோடஃபோன் ஐடியா அந்த ஒரு காலாண்டில் காட்டிய இழப்பு ஏறத்தாழ 50,900 கோடி ரூபாய். 2021 செப்டம்பரில் அரசு பாக்கியைக் கட்ட நான்காண்டு ஒத்திவைப்பு அளித்து, தொலைத்தொடர்பு சாராத வருவாயை அன்று முதல் கணக்கிலிருந்து நீக்கியது. பாக்கி அப்படியே நின்றது. வோடஃபோன் ஐடியா தர வேண்டிய தொகைகளில் ஒரு பகுதியைப் பங்காக மாற்றிக்கொண்டதில், அரசே அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரராகிவிட்டது. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். சட்டத்தில் ஒரு சொல்லை இருபது ஆண்டுகள் பொருள் நிச்சயமில்லாமல் விட்டுவைத்ததை நான் சரி என்று சொல்லமாட்டேன்.

போட்டியாளர் குறைந்தால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1999-இல் இங்கே சேவை தொடங்கிய ஏர்செல், கட்டணப் போரிலும் கடனிலும் மூழ்கி, 2018 பிப்ரவரியில் சிக்னல் இழந்தது. எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் அலைந்தது நினைவிருக்கும்.

அதே ஆண்டு மே மாதம், தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் சில நாள்கள் நிறுத்தப்பட்டது. சட்டம் ஒழுங்கு பற்றிய வாதங்களுக்குள் நான் போகவில்லை. இணையத்தின் வழியே தொழில் செய்யும் உரிமை அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உட்பட்டது, காலவரையற்ற முடக்கம் செல்லாது, முடக்கும் ஆணையை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 சனவரி 10 அன்று சொன்னது. தொழில் செய்ய மாவட்டம் தேடும் ஒருவர், அங்கே கம்பி எத்தனை வேகம் தரும் என்று கேட்பதோடு, அது எந்த நேரமும் அணைக்கப்படுமா என்றும் கேட்பார் அல்லவா?

நான் சொன்ன அந்த ஊராட்சியிலேயே ஒரு கேபிள்காரர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளாக வீட்டுக்கு வீடு டி.வி. இணைப்புக் கொடுத்தவர். வீடுகள் டி.வி. இணைப்பைத் துண்டிக்கத் தொடங்கியபின், உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்தின் முகவராக இணைய இணைப்புக் கொடுக்கிறார். அவரிடம் மூன்று பேருக்கு வேலை. மழை இரவிலும் கம்பம் ஏறி இணைப்பைச் சரிசெய்வது அவருடைய ஆள்தான். அலுவலகத்தில் விளக்கு எரியாமல் தூங்கும் அந்த வடத்தை, உள்ளூர்க்காரர்கள் வருவாய்ப் பங்கோடு எடுத்து நடத்தத் திருத்திய திட்டத்தில் இடமிருக்கிறது என்று அவரிடம் விளக்கினேன். காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். ஒட்டும் கருவி, பேட்டரி, கம்ப வாடகை, ஆள் கூலி என்று எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "போட்ட காசை எடுக்க எனக்கு நாலு வருஷம் ஆகும் சார். அதுவரைக்கும் இந்த ரூல்ஸ் மாறாம இருக்குமா?"

வணக்கம்.