மூக்கு ஒழுகட்டும், மூச்சைக் கவனியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால், தை பிறந்து பொங்கல் முடியும் வரை சென்னையில் குழந்தை மருத்துவர்களின் வாசலில் செருப்பு கழற்றி வைக்க இடம் இருக்காது. நம் ஊரின் குளிர் பெரிய குளிரல்ல. மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம்தான். ஆனாலும் ஒன்றரை வயது, இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த மாதங்களில் சளி ஓய்ந்தால் இருமல், இருமல் ஓய்ந்தால் மறுபடி காய்ச்சல். குழந்தைகள் வார்டில் செவிலியராக நீண்ட காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில், இந்த வீடுகளில் இருக்கும் பெற்றோரிடமும் பாட்டி தாத்தாக்களிடமும் பேச வந்திருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நல்ல ஆரோக்கியமான சின்னக் குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிக்கும். பிளே ஸ்கூலுக்கோ அங்கன்வாடிக்கோ போகத் தொடங்கிய முதல் ஆண்டில் அது பத்து, பன்னிரண்டுகூட ஆகலாம். ஒவ்வொரு சளியும் ஒரு வாரம், பத்து நாள் இருக்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். ஆண்டு முழுவதற்குமான சளியில் பெரும்பகுதி மழையிலும் பனியிலும் வந்து சேர்வதால், கார்த்திகையில் ஒரு நாள்கூடப் பிள்ளை மூக்கு காயவில்லை என்று நீங்கள் சொன்னால் அது மிகையே அல்ல. சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கும் மேல். அவற்றில் ரைனோ வைரஸ் என்ற ஒன்றிலேயே நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. குழந்தையின் உடல் அவற்றை ஒவ்வொன்றாகத்தான் சந்தித்துப் பழகிக்கொள்கிறது.

பனியில் குல்லா போடாமல் தூக்கிப் போனதால் வந்தது என்பார்கள். பனி வைரஸைக் கொண்டுவருவதில்லை. மழைக்குப் பயந்து சன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டார் அத்தனை பேரும் ஒரே அறையில் மூச்சு விடுகிறோம். அலுவலகத்திலிருந்து வரும் அப்பா தும்மிக்கொண்டே பிள்ளையைத் தூக்குகிறார். சென்னையில் இன்ஃபுளுவென்சா காய்ச்சலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் தலைதூக்குகிறது. இதில் தாயின் குற்றம் எங்கே இருக்கிறது? நான் பார்த்தவரை, குழந்தைக்குச் சளி பிடித்த வீட்டில் முதல் கேள்வி அவளைத்தான் கேட்கிறார்கள். "நேற்று ஏன் தலைக்கு ஊற்றினாய், வாழைப்பழம் ஏன் கொடுத்தாய், வேலைக்குப் போகாவிட்டால் என்ன?" தூக்கமில்லாமல் சிவந்த கண்களோடு நிற்கும் பெண்ணிடம் இப்படிக் கேட்பது கொடுமை. தயவு செய்து கேட்காதீர்கள்.

இனி, இந்த உரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். எல்லோரும் மூக்கையே பார்க்கிறோம். சளி மஞ்சளாகிவிட்டது, பச்சையாகிவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும் என்று பதறுகிறோம். சாதாரணச் சளியே நான்காம், ஐந்தாம் நாளில் கெட்டியாகி நிறம் மாறும். வைரஸிடம் ஆன்டிபயாடிக் எடுபடாது. ஆபத்து இருந்தால் அது தெரிவது மார்பில். அதைப் பார்க்க ஸ்டெதஸ்கோப் தேவையில்லை.

குழந்தை அழாமல் இருக்கும் நேரத்தில், முடிந்தால் தூங்கும்போது, சட்டையைக் கழுத்து வரை ஏற்றிவிடுங்கள். வெளிச்சம் போடுங்கள். வயிறும் மார்பும் ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கைபேசியில் ஒரு முழு நிமிடம் வைத்து எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், சின்னக் குழந்தையின் மூச்சு சீராக இருப்பதில்லை. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50. அதற்கும் சின்னது என்றால் 60. இது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. எண்ணிவிட்டு விலா எலும்பு முடியும் இடத்தைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் உள்ளே குழிந்தால், இரவு இரண்டு மணியானாலும் காத்திருக்காதீர்கள். உதடு நீலம் பாய்ந்தாலும், பால்கூடக் குடிக்க முடியாமல் துவண்டாலும், மூச்சு விடும்போது முனகினாலும், எழுப்பினால் விழிக்காவிட்டாலும் அப்படித்தான். 108-ஐ அழையுங்கள், அல்லது கையில் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்தே இருக்கிறது. இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல், காய்ச்சல் இறங்கிய நேரத்தில் குழந்தை விளையாடுகிறது, சிறுநீர் கழிக்கிறது என்றால் மூக்கு ஒழுகட்டும், விட்டுவிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு மட்டும் எந்தக் காய்ச்சலானாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருந்துக்கு வருகிறேன். ஒரு மழை நாள் மாலை, வார்டில் ஒரு தாய் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார். பாதி தீர்ந்த சிரப் பாட்டில்கள் கட்டில் மேல் உருண்டன. சில பாட்டில்களில் லேபிள் மருந்து வழிந்து நனைந்து, பெயரே அழிந்துபோயிருந்தது. "சிஸ்டர், இதில் எது காய்ச்சலுக்கு, எது சளிக்கு என்றே எனக்கு மறந்துவிட்டது" என்றார். இது எத்தனையோ வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கும் நிலைதான்.

பாராசிட்டமால் பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்று ஒன்று, 250 மில்லிகிராம் என்று இன்னொன்று. இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சொட்டு மருந்து இதைவிடக் கெட்டி, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம் போதும். அப்படியானால் 120 பாட்டிலில் ஊற்றிப் பழகிய அதே 5 மில்லியை 250 பாட்டிலில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், நாளைக்கு நான்கு வேளையைத் தாண்டக் கூடாது. கொடுத்த நேரத்தை நாட்காட்டித் தாளில் எழுதிவையுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டியும் கொடுப்பது அன்றாடம் நடக்கிறது.

இருமல் சிரப்பை நீங்களாக வாங்கவே வாங்காதீர்கள். 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு ஆறவில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைத் தரக் கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரிலேயே அறிவித்தது. கலப்படமில்லாத நல்ல மருந்தாக இருந்தாலும் இந்த வயதில் அதனால் பெரிய பயன் இல்லை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். பால் கொடுப்பதற்கு முன் விட்டுத் துடைத்தால் பிள்ளை நிம்மதியாகக் குடிக்கும்.

வீட்டு வைத்தியத்தை நான் ஏளனம் செய்பவள் அல்ல. குழைந்த சாதத்தில் இளஞ்சூடான ரசம் ஊற்றி ஊட்டுவதைவிட இதமானது என்ன இருக்கிறது? ஆனால் சிலவற்றை நிறுத்தியாக வேண்டும். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதை நிறுத்துங்கள், அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகலாம். கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம், கற்பூரம் சின்னக் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடியது. சாம்பிராணி வாசனை எனக்கும் பிடிக்கும். இருந்தாலும் அந்தப் புகையும் கொசுவத்திப் புகையும் இளைக்கும் நெஞ்சுக்கு ஆகாது. கொதிக்கும் நீரில் ஆவி பிடிக்க வைத்துத் தொடை வெந்து வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஒருபக்கமாகப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108. நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், மாட்டுப்பால், தயிர், பழம் எல்லாம் கொடுக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. நோய் போனபின் இரண்டு வாரம் வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள், இளைத்த உடம்பு திரும்பும்.

மழைக்காலத்தில் வரும் எல்லாக் காய்ச்சலும் சளிக் காய்ச்சல் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். மூக்கு ஒழுகாமல் கடுங்காய்ச்சல் மூன்றாம் நாளும் அடித்தால் டெங்கு பரிசோதனை தேவைப்படலாம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு என்றால் உடனே மருத்துவமனை. டெங்கு சந்தேகம் இருக்கும்போது, காய்ச்சலுக்குத் தரப்படும் இபுபுரோஃபன், மெஃபனமிக் அமிலம் சேர்ந்த சிரப்கள் கூடாது. ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியா, எடை ஏறாத உடம்பு, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்து குழந்தைக்கு விடாத இருமல், இவற்றில் ஒன்று இருந்தாலும் தீர விசாரிக்க வேண்டும். அப்போதும் எதிர்ப்புச் சக்தி டானிக் வாங்குவதில் பணத்தைக் கரைக்காதீர்கள்.

நிமோனியாவைத் தடுக்க உதவும் நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழகத்தில் அரசு அட்டவணையில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம். தவறியிருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். இன்ஃபுளுவென்சா ஊசி அந்த இலவசப் பட்டியலில் இல்லை. வசதியுள்ளவர்கள் ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஆண்டுதோறும் போடலாம். முதல் ஆண்டில் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி என்பதால் ஆவணி, புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். மழை வந்த பிறகு நினைத்தால் தாமதம்.

அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பது எப்போதும் அம்மாவாகவே இருக்கிறார். பிளே ஸ்கூலிலிருந்து அழைப்பு வந்தால் இந்த முறை நீங்கள் போங்கள். இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு மணி வரை, மற்றவர் அதன் பிறகு. மூச்சு எண்ணவும் லேபிள் படிக்கவும் இருவருமே கற்றுக்கொள்ளுங்கள். இரவில் சந்தேகம் வந்தால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

நன்றி, வணக்கம்.